எத்தனை வருஷம் தாங்கும்?

நம்மில் பலர் வீட்டில் இந்த விசித்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். தாத்தாவும் பாட்டியும் ஸ்டூடியோவில் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம், அறுபது வருஷம் கழிந்தும் தாத்தாவின் சட்டைப் பொத்தானை எண்ணும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். எண்பதுகளில் நடந்த சித்தப்பா கல்யாணத்தின் கலர் ஆல்பத்தைத் திறந்தால், அரக்குப் புடவை, மஞ்சள் வேட்டி, பச்சை வாழை மரம் எல்லாம் ஒரே செம்பழுப்பாகியிருக்கும். பின்னால் வந்த தொழில்நுட்பம் முன்னால் கிழடு தட்டிவிட்டது. எப்படி?

இதை எழுதும் நான் புகைப்படக்காரன் இல்லை. புனேயில் கணிப்பொறி முன்னால் குப்பை கொட்டுகிறவன். மாமனாரின் சதாபிஷேகத்துக்கு அவர் படத்தைப் பெரிதாகக் கான்வாஸில் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று வீட்டில் முடிவானது. நான்கைந்து கடைகளில் விசாரித்தேன். அளவு, ஃபிரேம், டிபிஐ எல்லாம் மூச்சு விடாமல் சொன்னார்கள். "எத்தனை வருஷம் தாங்கும்?" என்றால் மட்டும் பதிலில்லை. ஒருவர், "லைஃப்டைம் சார்" என்றார். யாருடைய லைஃப்டைம் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். சதாபிஷேகத்துக்கான படத்தில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படிக்க ஆரம்பித்தவன், நூற்றெழுபது வருஷக் கதையில் போய் விழுந்தேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

* * *

புகைப்படம் உலகுக்கு அறிமுகமானது 1839-ல். காகிதத்தில் நெகடிவ் எடுத்து அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்று கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1844-ல் தொடங்கி அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட 'பென்சில் ஆஃப் நேச்சர்' நூலில் அசல் பிரிண்ட்களையே ஒட்டி விற்றார்கள். பல பிரதிகளில் படங்கள் சில வருஷங்களிலேயே மஞ்சளாகி மங்கிவிட்டன.

விஷயம் முற்றி, 1855-ல் லண்டன் புகைப்படச் சங்கம் ஒரு கமிட்டியே போட்டது. பெயர்: 'மங்கல் கமிட்டி'! விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் இதற்கு 50 பவுண்டு நன்கொடை கொடுத்தார். நம்மூர் கமிட்டிகள் போல இழுத்தடிக்காமல் அதே வருஷம் அறிக்கையும் வந்துவிட்டது. முக்கியமாக இரண்டு குற்றவாளிகள். ஒன்று, படத்தை நிலைநிறுத்தப் பயன்படும் 'ஹைப்போ' ரசாயனத்தைச் சரியாகக் கழுவாமல் விடுவது. இன்னொன்று, நிலக்கரிப் புகை நிறைந்த லண்டன் காற்றிலிருந்த கந்தகம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது மை அல்ல. நுண்ணிய வெள்ளித் துகள்கள். வீட்டு வெள்ளிக் கிண்ணம் பீரோவில் கறுத்துப்போவதும், அந்தக் காலப் படம் மஞ்சளானதும் ஒரே வேதியியல்தான். வெள்ளியைக் கந்தகம் பிடித்துக்கொள்கிறது. நன்றாகக் கழுவி, தங்க உப்பில் டோன் செய்தால் ஆயுள் கூடும் என்றார்கள். தாத்தா படம் இன்னும் பளிச்சென்று இருக்கிறதென்றால், அந்த ஊர் ஸ்டூடியோக்காரர் இருட்டறையில் தண்ணீருக்குக் கஞ்சத்தனம் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இதே காலத்தில் நம் ஊரிலும் ஒருவர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1858-ல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றிப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். கேமரா, காகிதம், ரசாயனம் எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் வெயிலில் செய்த வேலை என்று நினைத்துப் பாருங்கள். பின்னால் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்தப் பதவியையே மூடிவிட்டார். (அப்போதே காஸ்ட் கட்டிங்!) டிரைப்பின் பிரிண்ட்கள் மட்டும் பிழைத்துக் கிடந்து, 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று நகரங்களின் அருங்காட்சியகங்களிலும் கண்காட்சியாக வைக்கப்பட்டன. கவர்னரின் சிக்கனம் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. பிரிண்ட் இருக்கிறது.

* * *

மங்கும் பிரச்சினைக்கு இன்னொரு வழியில் விடை தேடியவர்களும் உண்டு. வெள்ளியே வேண்டாம், கரியில் படம் எழுதினால் என்ன? கரி மங்காது என்பது கண்மைக்குக் கரி பிடித்த நம் பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதி. பிரான்ஸில் பொய்ட்வான் 1855-ல் இதற்கு வழிகாட்டினார்; இங்கிலாந்தின் ஜோசப் ஸ்வான் 1864-ல் நடைமுறைக்கு ஏற்றதாகச் செம்மைப்படுத்தினார். மின்விளக்கின் கதையில் எடிசனோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே ஸ்வான்தான். ஜெலட்டினில் கரிப் பொடியைக் கலந்து, ஒளி பட்ட இடம் மட்டும் இறுகும்படி செய்து, மீதியை வெந்நீரில் கரைத்துவிடுவது இதன் முறை. 'கார்பன் பிரிண்ட்' என்று பெயர். அடுத்து 1873-ல் வில்லியம் வில்லிஸ், வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தில் படம் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கந்தகத்துக்கும் காற்றுக்கும் அசையாத உலோகம். முதல் உலகப் போரில் பிளாட்டினம் விலை எகிற, அது பெரும்பாலும் வழக்கொழிந்தது.

இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கரி கடைசியில் திரும்பி வரும்.

நிற்க. கான்வாஸ் எங்கே வந்தது? அதுவும் பழைய ஆசைதான். அமெரிக்காவின் பால்டிமோரில் டேவிட் உட்வர்ட் என்ற ஓவியர், சூரிய ஒளியைக் கொண்டு நெகடிவைப் பெரிதாக்கும் கருவிக்கு 1857-ல் காப்புரிமை பெற்றார். அதன் முக்கிய வேலைகளில் ஒன்று, முகத்தைக் கான்வாஸ் மேல் ஆளுயரத்துக்கு விழவைப்பது. அதன்மேல் ஓவியர் எண்ணெய் வண்ணம் பூசிவிடுவார். போட்டோவின் துல்லியம், ஓவியத்தின் கௌரவம், ஒரே படத்தில். இந்தியாவிலும் ராஜாக்கள், ஜமீன்தார்கள் தொடங்கிப் பலர் போட்டோவுக்கு மேல் வண்ணம் பூசி மாட்டிக்கொண்டார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களில் கன்னத்தில் ரோஸ் தடவிக் கொடுத்ததெல்லாம் அந்த மரபின் கடைசிக் கொழுந்துதான்.

புனேயிலிருந்து லோனாவ்லா லோக்கலில் போனால், லோனாவ்லாவுக்குச் சற்று முன்னால் மளவ்லி என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். கார்லா, பாஜா குகைகளுக்கு இறங்கும் இடம். ராஜா ரவிவர்மா 1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகம் பிறகு இந்த மளவ்லிக்குத்தான் மாற்றப்பட்டது. அங்கே அச்சானவை 'ஓலியோகிராஃப்'கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, எண்ணெய் ஓவியம் போலத் தோன்ற மேலே வார்னிஷ் பூசுவார்கள். கான்வாஸ் துணியின் நெசவு தெரியும்படி காகிதத்தை அழுத்தியெடுப்பதும் உண்டு. யோசித்துப் பாருங்கள், நாம் இன்று மால் கடையில் ஆர்டர் கொடுக்கும் 'கான்வாஸ் ஃபினிஷ்' நூற்றுச் சொச்சம் வருஷம் முன்பே நம் பூஜையறைக்கு வந்துவிட்டது! நம் தாத்தாக்கள் கும்பிட்ட லட்சுமியும் சரஸ்வதியும் அச்சு மையில் வந்தவர்கள்.

* * *

இப்போது சித்தப்பா கல்யாணத்துக்கு வருவோம்.

கோடாக் நிறுவனம் 1942-ல் கோடாகலர் ஃபிலிமைக் கொண்டுவந்தது. கலர் நெகடிவிலிருந்து காகிதத்தில் கலர் பிரிண்ட். இதில் நிறங்களாக இருப்பது வெள்ளியும் இல்லை, கரியும் இல்லை. காகிதத்துக்குள் வேதிவினையால் உண்டாகும் சாயங்கள். வித்தியாசம் புரிய ஒரு உதாரணம்: காவி மண் நிறமி, அதாவது பொடியான திடப்பொருள். சுவரில் பூசினால் தலைமுறை தாண்டும். புடவைச் சாயம் கரைந்து ஊறும் மூலக்கூறு. மொட்டை மாடியில் பத்து நாள் காய்ந்தால் வெளுக்கும். கலர் போட்டோ இரண்டாவது வகை. அதிலும் அந்தக் காலக் காகிதங்களில் 'சயான்' என்ற நீலச் சாயம், வெளிச்சமே படாமல் ஆல்பத்துக்குள் மூடி வைத்திருந்தாலும் சிதைந்தது. நீலம் போனால் மிச்சம் என்ன? சிவப்பும் மஞ்சளும். அதுதான் ஆல்பத்தின் செம்பழுப்பு.

ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் காகிதமும் தயாரித்தது. நம் வீட்டுப் பழைய படங்களில் சில அந்தக் காகிதமாகவே இருக்கலாம். கலர் லேப்கள் தெருவுக்குத் தெரு முளைத்ததும் அதற்கான தேவை தேய்ந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது, தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. எண்பதுகளில் கலருக்கு மாறிய குடும்பம் எதுவும், இது எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் லேப்காரருக்குத் தெரிந்திருக்காது.

உலகத்தில் ஒருவர் கேட்டார். அமெரிக்காவின் ஹென்றி வில்ஹெல்ம். பிரிண்ட்களைக் கடும் வெளிச்சத்தில் மாதக்கணக்கில் வைத்து, எவ்வளவு மங்குகிறது என்று அளந்து, எந்தக் காகிதம் எத்தனை வருஷம் என்று கம்பெனிப் பெயரோடு வெளியிட்டார். 1993-ல் கரோல் பிரவரோடு சேர்ந்து, கலர்ப் படங்களின் ஆயுளைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகமே கொண்டுவந்தார்.

* * *

டிஜிட்டல் கதை ஒரு பாட்டுக்காரரிடம் தொடங்குகிறது. கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் குழுவின் கிரஹாம் நாஷ். பாட்டோடு புகைப்படப் பைத்தியமும் உண்டு. தன் பழைய படங்களைப் பெரிய அளவில், நல்ல ஓவியக் காகிதத்தில் அச்சிட ஆசைப்பட்டார். அப்போது 'ஐரிஸ் 3047' என்று ஒரு இன்க்ஜெட் இயந்திரம் இருந்தது. பத்திரிகை, விளம்பரம் அச்சாவதற்கு முன் மாதிரி பார்க்க அச்சகங்கள் வைத்திருந்தது. சுழலும் உருளையில் காகிதத்தைச் சுற்றி, நான்கு நுண்குழாய்களிலிருந்து மையைப் பீய்ச்சும். விலை 1,26,000 டாலர். நாஷ் வாங்கிவிட்டார்.

தடிமனான ஓவியக் காகிதம் அதில் நுழையவில்லை. நாஷின் கூட்டாளி மேக் ஹோல்பர்ட்டும் நண்பர்களும், மை பீய்ச்சும் தலையைப் பின்னுக்குத் தள்ளுவதற்காக இயந்திரத்தின் ஒரு பகுதியை ரம்பத்தால் அறுத்தார்கள்! வாரண்டி அத்தோடு காலி. 1991-ல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 'நாஷ் எடிஷன்ஸ்' அச்சகம் திறந்தது. அங்கே வேலை பார்த்த ஜாக் டுகேன், "கம்ப்யூட்டர் பிரிண்ட்" என்றால் ஓவிய கேலரிகள் மூக்கைச் சுளிக்கும் என்று, பீய்ச்சுதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து 'ஜிக்லே' என்ற பெயரை உருவாக்கினார். இன்று கடைக்காரர் பந்தாவாகச் சொல்லும் 'ஜிக்லே' இவ்வளவுதான்: இன்க்ஜெட். பெயரில் எந்த உத்தரவாதமும் இல்லை.

உண்மையில் முதல் தலைமுறை ஜிக்லேக்களின் சாயம் வேகமாகவே வெளுத்தது. சாய மை, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பரவும், வெளிச்சத்தில் சில வருஷங்களிலேயே நிறம் இறங்கும். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மறுபடி அதே கேள்வி.

2000-ஆம் வருஷம் ஒரு திருப்பம். எப்சன் நிறுவனம் 'ஸ்டைலஸ் ஃபோட்டோ 1270' என்ற பிரிண்டரைக் கொண்டுவந்தது. சாய மை, அருமையான நிறம். அந்த நிறுவனத்தின் ஒரு பளபளக் காகிதத்தில் அச்சிட்டால் வருஷக்கணக்கில் தாங்கும் என்றார்கள். சிலர் வீட்டில் சில வாரங்களிலேயே, சில நாட்களிலேயே கூட, படம் ஆரஞ்சாகிவிட்டது. காரணம் வெளிச்சம் அல்ல, காற்றிலுள்ள ஓசோன். ஆய்வகத்தில் ஒளியை மட்டும் சோதித்திருந்தார்கள், காற்றை விட்டுவிட்டார்கள். 1855-ன் லண்டன் கமிட்டி காற்றையும் பார்த்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அதே வருஷம் அதே நிறுவனம் '2000பி' என்ற இன்னொரு பிரிண்டரையும் வெளியிட்டது. அதில் சாயம் இல்லை, நிறமி. மிக நுண்ணிய வண்ணப் பொடி மிதக்கும் மை. அதன் கறுப்பு என்ன தெரியுமா? கரி! ஸ்வானின் 1864 கரி இன்க்ஜெட்டில் ஏறி வந்துவிட்டது. அதிலும் குறை இருந்தது. டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்று பச்சையடித்தது. 2002-ல் வந்த 'அல்ட்ராகுரோம்' மை அதைப் பெருமளவு சரி செய்தது. மற்ற நிறுவனங்களும் நிறமிக்கு வந்தன. நாஷ் எடிஷன்ஸும் ஐரிஸைக் கைவிட்டது. ரம்பம் பட்ட அந்த முதல் இயந்திரம் 2005-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

* * *

ஆக, ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான். புது முறை வருகிறது, கண்ணைப் பறிக்கிறது, எல்லாரும் ஓடுகிறோம். எத்தனை வருஷம் என்ற கேள்வி பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. அதற்குள் ஒரு தலைமுறையின் படங்கள் போய்விடுகின்றன. இந்தக் கேள்வியை அச்சடிக்கும் முன்பே கேட்டுவிட்டால் மிச்சம் நமக்கு. நான் தெரிந்துகொண்டவை:

முதலில் மை. "சாயமா, நிறமியா?" என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழிக்கும் கடையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். கான்வாஸ் என்ற பெயரில் பேனர் அடிக்கும் இயந்திரத்திலேயே அச்சிட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். தெருமுனை வாழ்த்து பேனருக்கும் பாட்டி படத்துக்கும் வித்தியாசம் வேண்டாமா?

இரண்டாவது, காகிதமும் துணியும். மரக்கூழ்க் காகிதத்தை விட, அமிலம் நீக்கிய பருத்திக் காகிதம் நீண்ட நாள் வரும். பளீர் வெள்ளை தெரிவதற்காகச் சிலவற்றில் வெளுப்பேற்றி சேர்த்திருப்பார்கள். நாளடைவில் அது செயலிழந்து, காகிதம் மஞ்சளாகத் தெரியும். கண்டுபிடிப்பது சுலபம். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை அடியுங்கள்; காகிதம் நீலமாக ஜொலித்தால் வெளுப்பேற்றி இருக்கிறது.

மூன்றாவது, கான்வாஸா காகிதமா? நம்மைப் போல வருஷா வருஷம் வாடகை வீடு மாறுகிறவர்களுக்குக் கான்வாஸ் சௌகரியம்தான். கண்ணாடி இல்லை, எடை இல்லை, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் உடைப்பார்களே என்ற பயம் இல்லை. ஆனால் கண்ணாடி இல்லாததால் தூசும் ஈரமும் நேராகப் படத்தில்தான். மேலே வார்னிஷ் அவசியம். சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது ஓரம் மடிகிற இடத்தில் மை விரிசல் விடலாம், எனவே முகம் ஓரத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரென்றால், பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்று போக இடம் விடுங்கள்.

நான்காவது, "நூறு வருஷம்" என்ற சொல். வில்ஹெல்ம் கணக்கில் அது கண்ணாடிக்குள், தினம் 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சத்தில் என்ற அனுமானம். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரில் மாட்டிவிட்டு நூறு வருஷத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ஐந்தாவது, அளவு. கான்வாஸின் நெசவே சின்னக் குறைகளை மறைக்கும் என்பதால் அங்குலத்துக்கு 150 புள்ளி இருந்தாலே போதும். 24-க்கு 36 அங்குலப் படத்துக்கு 3600-க்கு 5400 புள்ளிகள், அதாவது சுமார் 19 மெகாபிக்சல். அத்தைப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதைக் கொண்டு போகாதீர்கள். அசலை வாங்கி ஸ்கேன் செய்யுங்கள்.

மாமனார் படத்தைக் கடைசியில் இரண்டாகப் போட்டோம். ஹாலுக்குக் கான்வாஸ் ஒன்று. பருத்திக் காகிதத்தில் நிறமி மையால் சின்னதாக ஒன்று, அட்டைப் பெட்டிக்குள், இருட்டில். ஹாலில் இருப்பது பார்ப்பதற்கு, பெட்டியில் இருப்பது பேரன் பேத்திகளுக்கு.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தாத்தா வீட்டுத் திண்ணையும் தெரியாது, அதில் உட்கார்ந்திருந்தவர்களையும் தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை கோடை விடுமுறையில் பார்ப்பதோடு சரி. என் மகளுக்குக் கொள்ளுப்பாட்டி என்றால் ஒரு படம்தான். படமே வெளுத்துவிட்டால் சொல்ல நம்மிடம் வேறு என்ன இருக்கிறது? ஃபோனில் இருபதாயிரம் படம் இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஃபோன் இருக்கும் வரை.

எனவே இந்தத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது, பரணில் இருக்கும் ஆல்பத்தை இறக்குங்கள். சிவந்துகொண்டிருக்கும் கலர்ப் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், கறுப்பு வெள்ளை இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். எந்த மை எத்தனை வருஷம் தாங்கினாலும் பெயர் தெரியாத முகம் அடுத்த தலைமுறையில் குப்பைக்குத்தான் போகும். பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.